துவுமாசி மாமாவின் வலது கால் கட்டைவிரல்

அசெம்பாசோ,
ஞாயிறு, தேவாலயம் விட்டு வந்த பிறகு.

தக்கோராடியில் ஓர் ஆஸ்பத்திரி வார்டை ஒரு கையாலும், இங்கே ஒரு குடும்பத்தை மறு கையாலும் தாங்கிக்கொண்டிருக்கும் அன்புள்ள போவாத்தெமா சித்திக்கு, உங்கள் அக்கா மகள் சர்போமா பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை சரியாகப் பெய்தது. கோகோ நன்றாகக் காய்த்திருக்கிறது. அம்மாவின் முழங்கால் சுகமில்லை. ஆனாலும் சுகம் என்றே எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நீங்களும் சித்தப்பாவும் இரட்டைப் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்கக் கடவுள் துணையிருக்கட்டும்.

போன வாரம் போனில் இரண்டே இரண்டு கேள்வி கேட்டீர்கள். உங்கள் தேவாலயப் பாட்டுக் குழுவில் நாலு பெண்களுக்கு நகச்சொத்தையாம், திறந்த செருப்புப் போட வெட்கப்படுகிறார்களாம். "ஏண்டி சர்போ, உங்க மாமாவுக்கு நகத்துல பூசினீங்களே ஒரு மருந்து, மொத்தம் எவ்ளோ ஆச்சு? பூசறது சுலபமா, கஷ்டமா?" என்றீர்கள். நான் "ம்" என்றேன். "ம்முன்னா என்னடி பதில்? நான் கேட்டது விலை!" என்று நீங்கள் கத்தியது என் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. சித்தி, அந்த நேரம் என் பக்கத்தில் நம் ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு காலை நீட்டிக்கொண்டு, பூசியது காய்வதற்காகக் காத்திருந்தார்கள். ஏழு பேருக்கும் காது கூர்மை. அதனால்தான் கடிதம். நாளைக் காலைப் பேருந்தின் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிரிந்திருந்தால் அம்மா படித்துவிட்டாள் என்று அர்த்தம்.

விடுப்புக் கிடைக்காமல் நீங்கள் எந்தச் சடங்குக்கும் வரவில்லை என்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். பழைய ஊர்த்தலைவர் இறந்து நாற்பதாம் நாள், பெரியவர்கள் கூடியிருந்த முற்றத்தில், அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அரசித்தாய் கொனாடு உங்கள் அண்ணன் பெயரைச் சொன்னார். முப்பது வருடம் கோகோ கிட்டங்கியில் மூட்டை எடை போட்டு, விடிந்தது முதல் இருட்டும் வரை முழங்கால் உயர ரப்பர் பூட்ஸுக்குள் வாழ்ந்து, யாரிடமும் எதையும் கேட்காமலே அறுபத்தொரு வயதை எட்டிய மனிதர். ஃபுஃபுக் களியோடு வரும் இறைச்சித் துண்டைக்கூட அடுத்தவர் கிண்ணத்தில் தள்ளிவிடுகிற மனிதர். "என்னையா?" என்று மூன்று முறை கேட்டார். "உன்னைத்தான்" என்று மூன்று முறையும் பதில் வந்தது. நான் பெண்கள் பக்கத்தில் ஓரமாக நின்று அவர் முகத்தைப் பார்த்தேன், சித்தி. மாமா ஒன்றுக்கு ஆசைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலைவர் உட்காரும் அந்த முக்காலிப் பீடம் அவருக்கு வேண்டும். அவ்வளவு வேண்டும்.

நன்றி சொல்ல எழுந்தார். முறைப்படி தோளிலிருந்து துணியை இறக்கினார், முறைப்படி செருப்பிலிருந்து காலை வெளியே எடுத்தார், அத்துடன் முற்றத்தில் எல்லோர் கண்ணும் கீழே இறங்கிவிட்டது. முப்பது வருடமாக ஊர் பார்த்திராத கால் அது. வலது கட்டைவிரல் நகம் உப்பி, மஞ்சளித்து, ஓரமெல்லாம் உதிர்ந்து, குளியலறையில் மறந்துபோன பழைய சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. பெரியவர் அன்கோமாவுக்கு அது போதும். தன் தங்கை மகனைப் பீடத்தில் உட்கார வைக்க அவர் எத்தனை வருடமாகக் காத்திருக்கிறார் என்பது உங்களுக்கே தெரியும்.

"உடம்புல குறையுள்ளவன் பீடத்துல உக்காரக் கூடாதுன்னு நம்ம வழக்கம் சொல்லுது. அது என்னய்யா கால்ல? நகமா, நத்தையா?"

"பூட்ஸ் போட்டு போட்டு இப்பிடி ஆயிடுச்சு" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

"பூட்ஸ் போட்டவன் எல்லாருக்குமா இப்பிடி? இது சொத்தை. சொத்தைன்னா குறை."

அரசித்தாய் கையைத் தூக்கினார். "ஓராண்டுச் சடங்கு வரைக்கும் நேரம் இருக்கு. துவுமாசி, அதுக்குள்ள நகத்தை நகமாக்கிட்டு வா. அந்த பூட்ஸைத் தூக்கிக் கடாசு. இன்னிலேருந்து செருப்புப் போட்டு நடந்து பழகு. பூட்ஸோட பீடத்துல உக்காந்த தலைவர் நம்ம ஊர்ல இதுவரைக்கும் இல்ல, என் காலத்துலயும் வேணாம்."

அன்றே பொன்சுவின் மருந்துக் கடைக்குப் போனோம்: மாமா, அம்மா, நான். பொன்சு நகத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மூன்று மருந்துகளை மேசையில் வைத்தார். ஒன்று களிம்பு, விலை இருபத்தைந்து சீடி. ஒன்று தினமும் பூசும் நகப்பூச்சு, இருநூற்று எண்பது சீடி. ஒன்று வாரத்துக்கு ஒரே ஒரு முறை பூசுவது, என் சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத பாட்டில், நானூற்றைம்பது சீடி.

"களிம்பு தோலுக்குத்தான். நகம் கல்லு மாதிரி இருக்கு, உள்ள எறங்காது. இந்தப் பூச்சு எறங்கும், ஆனா மெதுவா" என்றார் பொன்சு. "பழசு போயி புது நகம் முழுசா வர ஒரு வருஷம் ஆகும், மாமா. மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர், மிஞ்சிப் போனா ஒன்றரை."

"ஒரு வருஷமா?" என்றாள் அம்மா. "ஒரு வருஷத்துல ஒருத்தி கல்யாணமே பண்ணிப் புள்ளையும் பெத்துடுவா. இவனுக்கு ஒரு நகம் வராதா?"

"அக்கா, நகம் யார் பேச்சையும் கேக்காது."

மாமா மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இந்தக் களிம்பு நல்லாத்தான் இருக்கு. டியூபும் பெருசு" என்றார். அன்று மாலை நீங்கள் போனில், "மருந்துக்கு அப்புறம் போகலாம், முதல்ல நகத்துல ஒரு துண்டை வெட்டி டெஸ்ட் பண்ணுங்கடி, டெஸ்ட் பண்ணுங்கடி, டெஸ்ட் பண்ணுங்கடி" என்று மூன்று தடவை சொன்னதை நான் மாமாவிடம் மூன்று தடவை சொன்னேன். "கண்ணால பாத்தாலே தெரியுது. இதுக்கு எதுக்கு குமாசி வரைக்கும் பஸ்ஸு?" என்றுவிட்டார். இதை நான் எதற்கு நினைவுபடுத்துகிறேன் என்று தெரியவில்லை. நேர்மையாக எழுத வேண்டும் என்பதற்காக இருக்கலாம்.

களிம்பு மூன்று டியூப் தீர்ந்தது. பாதம் முழுக்கப் பிறந்த குழந்தையுடையது போல மென்மையாகிவிட்டது. நகம் அப்படியே இருந்தது. இதற்குள் ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்து ஆளுக்கொரு வைத்தியம் கொண்டுவந்தார்கள். வினிகரில் ஊற வைத்ததில் மாமா பக்கத்தில் உட்கார்ந்தால் ஊறுகாய் ஜாடிப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ரொட்டி சுடும் பெண்மணி பூண்டு அரைத்துக் கொடுத்தாள், அது விரலைக் கொப்புளிக்க வைத்தது. மூன்றாம் மாதம் நான் பொறுக்க முடியாமல், பள்ளி நூலகத்தில் வாங்கும் சம்பளத்திலிருந்து அந்த நானூற்றைம்பது சீடிப் பாட்டிலை வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டேன். மாமா அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல பாதி மூடிதானே இருக்கு" என்றார்.

நான் எத்தனையோ தடித்த புத்தகங்கள் படித்திருக்கிறேன், சிலவற்றை இரண்டு முறை. எதையும் அந்தப் பெட்டிக்குள் மடித்திருந்த மருந்துக் காகிதத்தைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்ததில்லை. முதலில் நகத்தின் மேல்பக்கத்தை அரத்தால் ராவ வேண்டும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். சின்னக் குச்சியில் ஒரு சொட்டு, பாட்டிலின் கழுத்தில் படாமல் எடுத்து, நகம் முழுக்கப் பூச வேண்டும். ஐந்து நிமிடம் காய வேண்டும். ராவிய அரம் வேறு எந்த நகத்திலும் படக்கூடாது. மூடியை இறுக்கி மூட வேண்டும். இதெல்லாம் தன் கால் விரலைத் தானே எட்டித் தொட முடிகிறவர்களுக்கு. மாமாவுக்கும் அவருடைய கால் விரலுக்கும் நடுவே அவருடைய வயிறு இருக்கிறது. ஆக, வேலை எனக்கு வந்தது.

முதல் ஞாயிறு, வெளிச்சத்துக்காக அவர் காலைத் தூக்கி, கைக்கு எட்டிய மர முக்காலியின் மேல் வைத்தேன். அம்மா சமையலறையிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். "அடிப் பாவி! பீடத்துக்கு ஆசைப்படுறவன் காலைக் கொண்டுபோய் முக்காலி மேலயே வெக்கறியே! யாராவது பாத்தா இன்னிக்கே முடிஞ்சுது!" மாமா நடுங்கிப்போய்க் காலை இழுத்துக்கொண்டதில் சொட்டு என் பாவாடையில் விழுந்தது. கணக்குப் பார்த்தால் அதுவே பதினைந்து சீடி இருக்கும். பிறகு கவிழ்த்த பீர்ப் பெட்டி ஒன்றை அந்தக் காலுக்கென்றே ஒதுக்கினோம். அப்புறம் அந்த ஐந்து நிமிடம்! நான் குச்சியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் யாராவது வருவார்கள். வந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, என்ன சேதி என்று முறையாகக் கேட்க வேண்டாமா? தலைவராகப் போகிறவர் எழுந்து நிற்காமல் இருக்கலாமா? மாமா எழுந்துவிடுவார், ஒற்றைக் காலில். வந்தவர் பாட்டிக்குப் பாட்டி வழியில் தொடங்கி நிலத் தகராறுக்கு வந்து சேரும் வரை மாமா மரத்தடிக் கொக்கு மாதிரி நின்று தலையாட்டுவார். ஒருநாள் அந்தப் பரபரப்பில் மூடியை மூட மறந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு திறந்து பார்த்தால் உள்ளே பிசின்.

இன்னொரு நானூற்றைம்பது.

நகம் ராவுவதும் என்னால் ஆகவில்லை. கடையில் வாங்கிய அரம் இரண்டே வாரத்தில் வழவழவென்று ஆகிவிட்டது. அப்போதுதான் தெருவில் கிளிக், கிளிக் என்று கத்தரியைத் தட்டிக்கொண்டு சலிசு வந்தான். வடக்கிலிருந்து வந்து வீடு வீடாக நகம் வெட்டுகிறவன், தோளில் மரப்பெட்டி. மாமாவின் விரலைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"தங்கச்சி, இது நகமில்ல. ஆமை ஓடு."

"ராவ முடியுமா, முடியாதா?"

"என்னால முடியாதா? எங்க ஊர்ல ஒட்டகத்துக்கே ராவியிருக்கேன்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து ராவுவது, மாமாவின் பத்து விரலையும் வெட்டிச் சீர் செய்வது என்று ஏற்பாடு. நான் காகிதத்தில் படித்ததை மறக்கவில்லை. "சலிசு அண்ணே, இங்க போடற அரத்தைக் கண்டவங்களுக்கும் போடக் கூடாது. தனியா வெக்கணும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். "சொல்லணுமா தங்கச்சி? தலைவராகப் போறவர் அரம்!" என்று அதைச் சிவப்புத் துணியில் சுற்றிப் பெட்டியின் தனி அறையில் பத்திரமாக வைத்தான். அம்மா தன் பங்குக்கு, வெட்டி விழுந்த ஒவ்வொரு நகத் துண்டையும் பொறுக்கிப் பால்பவுடர் டப்பாவில் சேர்த்தாள். "யார் கையிலயாவது கெடச்சா என்ன செய்வினை வெப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். களிம்புகூடப் படாத காலத்தில் மாமாவே பேனாக்கத்தியால் வெட்டிப்போட, அவள் அப்போதே எடுத்துவைத்த முதல் துண்டும் அதில் இருந்தது. நான் அவற்றைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்து ஒவ்வொன்றிலும் தேதி எழுதிவைத்தேன். நூலகப் பழக்கம் போகாது.

ஐந்தாம் மாதம், சித்தி! நகத்தின் அடியில், தோலை ஒட்டி, வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய பிறை. நான் கத்திவிட்டேன். நான் கத்தி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? அம்மா தெருவுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நான் சந்தையில் வாழைக்காய் வாங்கினால் "எவ்ளோ வந்திருக்கு?" நூலகத்தில் புத்தகம் திருப்பித் தருகிற ஆசிரியர் "எவ்ளோ வந்திருக்கு, மிஸ்?" தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு என்னிடம் வரும்போது பாதிரியார்கூடப் புருவத்தைத் தூக்குகிறார். யாரோடும் பேசாமல் மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதற்கென்றே பிறந்தவள் நான். ஆறு மாதம் ஒரு கையில் அளவுகோலை வைத்துக்கொண்டு "ஆறரை மில்லிமீட்டர்" என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், உங்களிடம் மட்டும். ஒரு மனிதருடைய ஆசையை அளவுகோல் வைத்து அளக்கக் கிடைப்பது எல்லோருக்கும் வாய்க்காது. ஒவ்வொரு ஞாயிறும் மாமா பீர்ப் பெட்டியில் காலை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "சொல்லு" என்பார். நான் எண்ணைச் சொல்வேன். அவர் சிரிப்பார், கண்ணைத் திறக்காமலே.

ஓராண்டுச் சடங்கு வந்தது. அன்று காலை, நுனியில் ஒரு நூல் அளவு மட்டும் பழைய மஞ்சள் மிச்சம். அதை மறைத்துவிட அம்மா கறுப்பு நகப்பாலிஷோடு வந்தாள், நான் பாட்டிலைப் பிடுங்கிப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். முற்றத்தில் மேளம், குடைகள், ஊர் முழுக்க. மாமா அரசித்தாயின் முன் போய் நின்று, தோளை இறக்கி, செருப்பிலிருந்து காலை எடுத்தார். மக்கள் கழுத்தை நீட்டினார்கள்.

பெரியவர் அன்கோமா எழுந்தார். அவரும் முறைப்படி துணியை இறக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து, அரசித்தாயை 'நானா' என்ற மரியாதைப் பட்டத்தால் அழைத்தார். "நானா, நுனியைப் பாருங்க. இன்னும் மஞ்ச இருக்கு. குறை கொஞ்சமா இருந்தாலும் குறைதான்."

அரசித்தாய் நிமிரவில்லை. தாழ்ந்த ஆசனத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்கோமா, கொஞ்சம் கிட்ட வா."

வந்தார்.

"இன்னும் கொஞ்சம். ஆங். அது என்ன?"

"எது, நானா?"

"உன் கால்ல இருக்கறது."

அன்கோமா குனிந்து தன் கட்டைவிரலை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். மாமாவின் பழைய நகம் அதன் பக்கத்தில் வைத்தால் அழகு. "அது... வயசாச்சு, நானா" என்றார்.

"ஓகோ. மத்தவங்க என்ன சொல்றீங்க? அன்கோமா சொல்றது சரின்னு நெனக்கறவங்க முன்னால வந்து சொல்லுங்க. முறைப்படி, செருப்பைக் கழட்டிட்டு."

ஒருவரும் எழவில்லை. மீதி ஆறு பெரியவர்களின் கால்களும் மெல்ல மெல்லத் துணிக்குள் பின்வாங்குவதை ஊரே பார்த்தது. "எந்திரிங்க!" என்றார் அரசித்தாய். எழுந்தார்கள். கழற்றினார்கள். ஆறு பேருக்கும் கட்டைவிரல் நகத்தில் மஞ்சள், சிலருக்கு நகத்தின் ஓரம், சிலருக்குப் பாதி வரை. யாரோ ஒரு பெண் "அட ஆண்டவா" என்றாள். அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து சலிசு, மரப்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கதறினான்: "தங்கச்சி, நீ சொன்னபடி தனியாத்தான் வெச்சிருந்தேன்! அந்த அரத்தைக் கண்டவங்களுக்கும் போடல! மாமாவுக்கும் இந்தப் பெரியவங்க ஏழு பேருக்கும் மட்டும்தான் போட்டேன்! சாதாரண ஜனங்க மேல ஒருநாளும் பட்டதில்ல, சத்தியமா!"

சித்தி, மேளக்காரர்கள் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் எங்கே ஒளிவது என்று தெரியாமல் அம்மாவின் தலைத்துணிக்குப் பின்னால் ஒளிந்தேன். அரசித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: "துவுமாசி கால்ல நகம் அடியிலேருந்து புதுசா வந்துட்டிருக்கு. உங்க ஏழு பேர் கால்ல நுனியிலேருந்து கெட்டுட்டு வருது. குறையுள்ளவனை நீக்கணும்னா முதல்ல யாரை நீக்கணும்? அன்கோமா, நீயே சொல்லு. நீ சொன்னபடி செய்யறேன்."

அன்கோமா தன் விரலைத் துணிக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு மிக மரியாதையாக, "ஒரு நூல் அளவுதானே, நானா. வெட்டிட்டாப் போச்சு" என்றார். சலிசு ஓடிவந்தான். அந்த அமைதியில் கிளிக் என்ற ஒற்றைச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. உடனே மேளம், வெடி, வெள்ளைப் பொடி, கூச்சல்! மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தூக்கிய உயரத்தில் அவர் கூட்டத்தில் யாரையோ தேடினார். என்னைக் கண்டதும் அந்தக் கட்டைவிரலை மட்டும் இரண்டு முறை ஆட்டிக் காட்டினார். நான் அழுதேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

இப்போது மாமாவுக்கும் அந்தப் பட்டம், அவரும் நானா. மாமா என்று கூப்பிடக் கூடாது, கடிதத்தில் மட்டும்தான். அவருடைய முதல் உத்தரவு என்ன தெரியுமா? ஏழு பெரியவர்களும் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து மருந்து பூசிக்கொள்ள வேண்டும். ஏழு பீர்ப் பெட்டிகள். இப்போதைக்கு மாமாவின் பாட்டிலில் மிச்சமிருந்ததைப் பூசுகிறேன் (திட்டாதீர்கள், ஆளுக்குத் தனிக் குச்சி, தனி அரம், சலிசுவின் பெட்டியை நானே சோதித்துவிட்டேன்). "சர்போமா, காத்து இந்தப் பக்கம் வரலை, எனக்கு இன்னும் காயலை" என்று அன்கோமா புலம்ப, பக்கத்துப் பெரியவர், "ஊரையே ஊதித்தள்ளுறவராச்சே நீங்க, உங்க விரலை நீங்களே ஊதிக்குங்க" என்கிறார். அவர்களுக்குப் புதுப் பாட்டில்கள் தருவதற்கு முன்னால் பொன்சு பிடிவாதமாக, அம்மாவின் டப்பாவில் இருந்த மாமாவின் முதல் துண்டையும் அன்கோமாவின் நகத் துண்டு ஒன்றையும் குமாசிக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். வீண் செலவு. என்ன வரப்போகிறது, தெரிந்ததுதானே.

ஆகவே உங்கள் கேள்விகளுக்குப் பதில். விலை: ஒரு விரலுக்கு, ஒரு வருடத்துக்கு, மூடியை ஒழுங்காக மூடுகிறவர்களுக்கு இரண்டு பாட்டில், தொள்ளாயிரம் சீடி. என்னைப் போன்றவர்களுக்கு மூன்று. அரம், பஞ்சு, ஸ்பிரிட் தனி. களிம்பில் காசைப் போட வேண்டாம். பூசுவது: சுலபம். வாரத்துக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் யாரும் வீட்டுக்கு வராமல் இருந்தால் போதும். உங்கள் நாலு பெண்களிடமும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: தயங்காமல் வாங்கட்டும். இந்த மருந்து வேலை செய்கிறது. ஒவ்வொரு மில்லிமீட்டராக என் கண்ணால் பார்த்தேன், அளந்து பார்த்தேன், ஒரு மனிதரைப் பீடத்தில் ஏற்றியே பார்த்துவிட்டேன்!

சித்தப்பாவுக்கு என் வணக்கம். இரட்டையர்களுக்கு முத்தம், சின்னதற்கு ஒன்று கூடுதல், பெரியதற்குத் தெரிய வேண்டாம். அம்மா தன் ஆசியை அனுப்புகிறாள், உலர்ந்த மீன் அனுப்பச் சொல்லியும் ஞாபகப்படுத்துகிறாள். உங்கள் கால்கள் நடக்கும் வழியெல்லாம் நல்ல வழியாக இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புக்குரிய
சர்போமா

பின்குறிப்பு: திங்கள் காலை, பேருந்து நிலையத்தில் நின்றபடி எழுதுகிறேன், ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், கையெழுத்தை மன்னியுங்கள். பொன்சு இப்போதுதான் மூச்சிரைக்க ஓடிவந்து குமாசியிலிருந்து வந்த முடிவைக் கொடுத்தார். மாமாவின் நகத்தில் சொத்தையை உண்டாக்கும் பூஞ்சையே இல்லை. ஒருநாளும் இருந்ததில்லையாம். முப்பது வருடம் பூட்ஸ் நசுக்கிய நகம். அரசித்தாய் சொன்னபடி செருப்புப் போட்டு நடந்ததிலேயே அது தானாக வளர்ந்திருக்கிறது. நான் ஒன்பது மாதம் ஒரு நல்ல நகத்துக்கு வார்னிஷ் அடித்திருக்கிறேன். அன்கோமாவின் நகத்தில்தான் பூஞ்சை, அதுவும் நாள்பட்டது. அதாவது சலிசுவின் சிவப்புத் துணி அரம் அங்கிருந்துதான் மற்றவர்களுக்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறது. மேலே விலை, சுலபம், கண்ணால் பார்த்தேன் என்று எழுதியதையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நாலு பெண்களும் முதலில் டெஸ்ட் பண்ணட்டும். நீங்கள் மூன்று தடவை சொன்னீர்கள், நான்காவது தடவை சொல்ல வேண்டாம். நானாவிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. பக்கத்து ஊர்த் தூதுக் குழுவுக்கு இந்த நிமிடம் தன் கட்டைவிரலைக் காட்டி மருந்தின் மகிமையை விளக்கிக்கொண்டிருக்கிறார். இன்று காலை அவருக்குச் செருப்பு மாட்டிவிடும்போது நான் பார்த்தேன்: இடது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில், மஞ்சளாக, ஒரு கடுகு அளவு. தலைவரின் வெறும் கால் இனி தரையில் படக்கூடாது என்பதால் செருப்போடேயே பூசியாக வேண்டும். நாலு பாட்டில் அனுப்பி வையுங்கள், சித்தி. இந்தத் தடவை நிஜமாகவே நகச்சொத்தை.